சிலுவைமுத்து சொன்ன விக்கினம்

சிலுவைமுத்து அண்ணனுக்கு இருந்த காது எங்கள் தெருவில் வேறு யாருக்கும் இருந்ததில்லை. இதைப் பாராட்டாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அந்தக் காது மட்டும் கொஞ்சம் மந்தமாக இருந்திருந்தால் மனுஷன் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

துறைமுகத்தில் அவர் கிரேன் டிரைவர். கீழே நின்று அவருக்குக் கை காட்டுகிற வேலை என்னுடையது. கப்பலின் வயிற்றுக்குள்ளிருந்து மூட்டையைத் தூக்கும்போது மேலே கூண்டில் இருப்பவருக்குப் பாதி தெரியாது. பாதியை என் கையைப் பார்த்து ஓட்டுவார், மீதியைக் காதால் ஓட்டுவார். பல்சக்கரம் எங்கோ லேசாக உரசினால் போதும், "இன்னாவோ கடிக்குதுடா" என்று நிறுத்திவிடுவார். மேஸ்திரி கீழே நின்று குதிப்பார். ஃபிட்டர் ஏறிப் பார்த்தால் நிஜமாகவே ஏதோ கடித்திருக்கும். அதற்காக யாரும் அவருக்கு மாலை போட்டதில்லை. வேலை நின்றதற்குத் திட்டுதான் கிடைக்கும்.

அவரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. யுத்தம் முடிந்து மிலிட்டரிக்காரர்கள் கழித்துவிட்ட சீமை வண்டி. அவருடைய மாமனார் ஏலத்தில் எடுத்து, ஓட்டத் தெரியாமல் கோணி போட்டு மூடி வைத்திருந்து, மகள் அடைக்கலமேரியைக் கட்டிக்கொடுத்தபோது மாப்பிள்ளைக்குச் சீராகக் கொடுத்தார். அடைக்கலமேரி அக்காவைவிட வண்டியைத்தான் அவர் அதிகம் தடவிக் கொடுப்பார் என்று தெருவில் கேலி உண்டு. அக்காவே அதைச் சொல்லிச் சிரிப்பாள். அவர்களுக்கு ஒரே பெண், ஹில்டா. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பெட்ரோல் டாங்கின் மேல் உட்கார்ந்து வந்த குழந்தை, வளர்ந்து கான்வென்டில் தையல் டீச்சர் ஆனாள்.

அவளுக்கு எண்ணூரிலிருந்து வரன் வந்தது. பையன் பெயர் யேசுதாஸ். அங்கே இரும்பு வார்க்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை. தங்கமான பையன், சத்தமாகப் பேசத் தெரியாதவன். அப்பா அருள்பிரகாசம் அதற்கு நேர் எதிர். ரெயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கொடி காட்டினால் ஊரே நகர வேண்டும் என்ற நினைப்பு வீட்டுக்கு வந்த பிறகும் போகவில்லை. அவர் வெற்றிலைத் தட்டைத் தொடும் முன்பே சொல்லிவிட்டார். "நகை நட்டெல்லாம் உங்க இஷ்டம் சம்மந்தி. நாங்க வாயத் தொறக்க மாட்டோம். வண்டிய மட்டும் பையனுக்குக் குடுத்துடுங்க." அந்தக் காலத்தில் புது வண்டிக்குப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருந்தால் பேரப்பிள்ளைதான் அதை ஓட்டும். ஓடுகிற பழைய வண்டிக்கு அவ்வளவு மவுசு. அண்ணன் மறுபேச்சுப் பேசவில்லை. சீராக வந்த வண்டி சீராகப் போகிறது, அதுவும் பெண்ணோடு போகிறது என்று அவருக்கு உள்ளபடியே சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அந்தக் காரியத்தைச் செய்தார்.

பிப்ரவரியில் சோழவரத்துப் பழைய விமான மைதானத்தில் மோட்டார் ரேஸ் நடக்கும். நானும் அவரும் போயிருந்தோம். வண்டிகள் கடந்து போகும்போதெல்லாம் இனிப்பாக ஒரு புகை வாசனை அடித்தது. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு தொப்பிக்காரர், "விளக்கெண்ணெய்தான். ரேஸ் வண்டிக்கு வேற எண்ணெய் ஊத்த மாட்டாங்க. இன்ஜின் வெண்ணெ மாரி ஓடும்" என்றார். அது உண்மைதான். ஆனால் வழக்கமான எண்ணெய் இருக்கிற இன்ஜினில் அதைக் கலக்கவே கூடாது, ரேஸ்காரர்கள் அதைச் சூடு ஆறுவதற்குள் வடித்து எடுத்துவிடுவார்கள் என்கிற மீதி உண்மையை அந்தத் தொப்பி சொல்லவில்லை. அரைகுறையாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் எரிகிறது.

எங்கள் துறைமுகத்தில் விளக்கெண்ணெய்க்கு என்ன பஞ்சம்? டிரம் டிரம்மாகக் கப்பல் ஏறும். அதில் ஏதாவது ஒரு டிரம் கசியும். கசிந்தால் நம் ஆட்கள் டப்பா பிடிப்பார்கள். எங்கள் ராயபுரத்தில் பேதிக்கும் தலைக்கும் அந்த எண்ணெய்தான். அண்ணன் ஒரு டப்பா பிடித்து வந்து, மாப்பிள்ளைக்குப் போகிற வண்டி என்று, இருந்த எண்ணெய்க்கு மேலேயே ஆசை ஆசையாக ஊற்றினார். கல்யாணப் பெண்ணுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற மாதிரிதான். முதலில் வண்டியும் ஷோக்காகத்தான் ஓடியது. தெருவெல்லாம் விளக்கெண்ணெய் வாசனை. "முத்தண்ணன் வூட்ல தெனமும் யாருக்கோ பேதிக்குக் குடுக்குறாங்க" என்று சொல்லிச் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

தபசுகால நோன்பு முடிந்து, பாஸ்குத் திருநாள் கழிந்து, கோயிலில் ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் பங்குசாமியார் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் சபைக்கு அறிவிப்பார். அதுதான் ஓலை. அறிவித்துவிட்டு, "இவர்களுக்குள் ஏதேனும் விக்கினம் உண்டென்று அறிந்தவர்கள் அதைப் பங்குசாமியாரிடம் அறிவிக்கக் கடவார்கள்" என்று முடிப்பார். விக்கினம் என்றால் தடை. அதை மறைப்பது பாவம்.

முதல் ஓலை வாசித்த அன்று பூசை முடிந்து நான் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தேன். கல்மண்டபம் தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டினார்.

"கேட்டுச்சாடா?"

"இன்னாது?"

"உள்ள யாரோ கதவத் தட்ற மாரி."

எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்த பிறகு கேட்காமலேயே பயமாக இருந்தது.

நேரே மஜீது பாயின் கொட்டகைக்குப் போனோம். அந்த வட்டாரத்துப் பழைய வண்டிகளுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். முதலில் அவரும் லேசாகத்தான் எடுத்துக்கொண்டார். மேலே வால்வு இடைவெளி கூடினால் டிக் டிக் என்று அடிக்கும், அதைச் சரி செய்தால் போய்விடும் என்று சரி செய்தார். சத்தம் போகவில்லை. பிஸ்டன் தேய்ந்திருந்தால் காலையில் குளிர்ந்திருக்கும்போது சத்தம் வரும், சூடானதும் அடங்கிவிடும் என்று வண்டியை ஓடவிட்டுக் காத்திருந்தார். இது சூடாகச் சூடாக வளர்ந்தது. அப்புறம் மஜீது பாய் பேச்சைக் குறைத்தார். நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை இன்ஜினின் அடிவயிற்றில் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். எடுத்து அண்ணன் கையில் கொடுத்தார். அண்ணனும் கேட்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை.

இன்ஜினை அணைத்து, பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக ஒரு மெல்லிய கம்பியைப் பிஸ்டன் தலையில் படும்படி இறக்கினார். கியரில் போட்டு, பின் சக்கரத்தை என்னிடம் கொடுத்து முன்னும் பின்னும் மெல்ல ஆட்டச் சொன்னார். சக்கரம் அசைந்தது, கம்பி அசையவில்லை. கொஞ்சம் கழித்துத்தான் கம்பி அசைந்தது. பிஸ்டனைத் தள்ளுகிற ராடு தன் அச்சைக் கெட்டியாகப் பிடித்திருந்தால் இரண்டும் ஒன்றாக அசைய வேண்டும். கடைசியாக அடித்திருகைக் கழற்றி எண்ணெயை ஒரு வெள்ளைத் துணியில் வடித்தார். எண்ணெயா அது? ஆறிப்போன அல்வா மாதிரி கட்டி கட்டியாக விழுந்தது. துணியை வெயிலில் பிடித்தபோது பொடிப் பொடியாக ஏதோ மினுங்கியது.

மஜீது பாய் துணியை மோந்து பார்த்தார். "இன்னா ஊத்தின அண்ணாத்தே?"

அண்ணன் சொன்னார்.

"அட விளக்கெண்ணெய்!" என்றார் மஜீது பாய். எண்ணெயைச் சொன்னாரா, அண்ணனைச் சொன்னாரா என்று நாங்கள் கேட்கவில்லை. "ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேராது. திரிஞ்சிபோய் பிசினாயிடும். ராடுக்கு எண்ணெய் போவற துவாரம் ஊசி காது மாரி. அது அடைச்சிகிச்சி. பேரிங் வறண்டு தன்னத்தானே தின்னுகினு கீது. மினுங்குது பாரு, அதான் அதோட பொடி."

"கழுவிட்டு நல்ல எண்ணெய் ஊத்தினா?"

"தின்னது தின்னதுதான்."

"ஓடுமா?"

"இன்னிக்கு ஓடும். நாளிக்கும் ஓடும். என்னிக்குப் பூட்டிக்கும்னு அல்லாவுக்குத்தான் தெரியும். பூட்டிகினா பின் சக்கரம் அப்டியே நின்னுடும் அண்ணாத்தே. மேல குந்திகினு கீறவன் நிக்க மாட்டான்."

புது பேரிங் போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். சீமைச் சாமான் இறக்குமதி நின்றுபோய் வருஷக்கணக்கு ஆகியிருந்தது. நானும் அண்ணனும் லீவு போட்டுவிட்டுப் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகள் முழுக்கச் சல்லடை போட்டோம். கிடைத்த ராடெல்லாம் வேறு வண்டியுடையது. லேத்தில் கடைந்து போடலாம் என்றால் அந்தத் தரத்து எஃகு கிடைக்காது, கிடைத்ததைப் போட்டால் திரும்பவும் இதே கதைதான். நோய் என்னவென்று தெரிந்துவிட்டது. மருந்துதான் ஊரில் இல்லை.

இரண்டாவது ஓலையும் வாசித்தாயிற்று. அன்று மத்தியானமே அண்ணன் என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி எண்ணூருக்குப் போனார். சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

அருள்பிரகாசம் சாய்வு நாற்காலியில் சாய்ந்தபடியே கேட்டார்.

"வண்டில ஒரு கோளாறு கீது சம்மந்தி. உள்ள ராடு தேஞ்சிபூட்ச்சி. புள்ளைங்க குந்திகினு போவக்கூடாது."

"நிச்சயத்தன்னிக்கு நானே பார்த்தனே, கல்லு மாரி ஓடிச்சே?"

"அப்போ ஓடிச்சி. இப்போதான்..."

"இப்போதான் மனசு வரல. அதானே?" அருள்பிரகாசம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "குடுக்க மனசில்லன்னா நேரா சொல்லிடுங்க. ராடு கீடுன்னு சுத்தி வளைக்காதீங்க."

"மெய்யாலுமே சொல்றேன். அதுக்குப் பதிலா வேற எதுனா கேளுங்க, கட்டாயம் செய்யறேன்."

"வேற இன்னா கேக்கறது? ஓலையையும் வேற பேருல வாசிக்கச் சொல்லட்டுமா?"

எனக்கு அந்த நாற்காலியைக் காலால் எட்டி உதைக்கலாம் போலிருந்தது. உண்மையைச் சொன்னால் கஞ்சன் என்று பெயர், அதற்கு மேலும் சொன்னால் பெண்ணின் கல்யாணமே நின்றுவிடும். இப்படி ஒரு இக்கட்டில் ஒரு மனிதனை யாரும் மாட்டிவைக்கவில்லை, அதுவாகவே வந்து மாட்டியது. வாசல்வரை வந்த யேசுதாஸ், "நான் பாத்து ஓட்டிக்கிறேன் மாமா. அப்பா கோவக்காரரு, இத்தோட வுட்டுடுங்க" என்று மெல்லச் சொன்னான். பழைய வண்டி என்றால் ஏதோ ஒரு சத்தம் இருக்கும் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் அடைக்கலமேரி அக்கா பிடித்துக்கொண்டாள். செய்தி எங்களுக்கு முன்னாலேயே யார் மூலமாகவோ வந்து சேர்ந்திருந்தது.

"ரெண்டு ஓலை வாசிச்சாச்சி. மூணாவது நின்னா எம்பொண்ணு எந்த மூஞ்சிய வெச்சிகினு கோயிலுக்குப் போவா? எல்லாரும் ஓட்ற வண்டிதானே? ஒனக்கு மட்டும் இன்னா ஒலகத்துல இல்லாத காது?"

"கெய்வி மாரி பேசாதே. பூட்டிகினா..."

"பூட்டிகினா பூட்டிக்கட்டும், பூட்டத் தொறந்து வுட்டுக்கலாம். கல்யாணம் நின்னா இன்னா பண்ணுவே? ஹில்டா காதுல இது வுழக் கூடாது, சொல்லிட்டேன். சந்தோசமா கீறா. அப்டியே இருக்கட்டும்."

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளும் பயத்தில்தான் பேசினாள்.

மூன்றாவது ஓலை வாசித்த அன்று அண்ணன் முன் வரிசையில் முழங்காலில் இருந்தார். விக்கினம் அறிந்தவர்கள் அறிவிக்கக் கடவார்கள் என்று சாமியார் முடித்தபோது அவருடைய முதுகு நிமிர்ந்ததை நான் பார்த்தேன். பூசை முடிந்து சாமியார் உடுப்பைக் கழற்றுகிற அறைக்குள் விறுவிறுவென்று போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"சாமி, இந்தக் கல்யாணத்துல ஒரு விக்கினம் கீது."

சாமியார் தெற்கத்திக்காரர், வயதானவர். கையிலிருந்த உடுப்பை அப்படியே மேசையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"என்னப்பா சொல்லுதே? மூணு ஓலையும் வாசிச்ச பொறவா? ரத்த உறவா? பையனுக்கு முன்னாலே எங்கயும் தொடுப்பு உண்டா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சாமி. வண்டில ராடு சத்தம்."

விஷயத்தை முழுக்கக் கேட்ட பிறகு சாமியாருக்குச் சிரிப்பு அடங்கவே நேரம் பிடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சிலுவைமுத்து, மெய்விவாகத்துக்குத் திருச்சபை வச்சிருக்க விக்கினத்துல மோட்டார் சைக்கிள் கெடையாதுப்பா. பொண்ணக் கட்டிக் குடுக்கப்போற தகப்பனுக்கு இப்பிடித்தான் மனசு கெடந்து அடிச்சிக்கிடும். வண்டியக் கொண்டா, மந்திரிச்சுத் தாரேன்."

அண்ணன் கொண்டுபோனார். சாமியார் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். அண்ணன் வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி தலைகுனிந்து நின்றார். எனக்கும் கடவுள் நம்பிக்கை உண்டு. ஆனாலும் அந்தத் தீர்த்தம் டாங்கிலிருந்து வழிந்து இன்ஜினின் வெளிப்பக்கம் ஓடி மண்ணில் சொட்டியதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோளாறு என்று பெண்ணின் அப்பாவே சொன்னதால், அருள்பிரகாசம் ஒரு லாரி மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வண்டியைப் பார்க்க வரப்போவதாகச் சொல்லி அனுப்பினார். கோளாறு என்று தெரிந்தால் நல்லதுதானே என்று அண்ணனுக்கு உயிர் வந்தது. அக்காவுக்கு உயிர் போயிற்று. பழுதான வண்டியைத் தலையில் கட்டப் பார்த்தார்கள் என்று பேச்சு வரும், அதோடு சம்பந்தம் முறியும் என்று அவள் நினைத்தாள். அண்ணன் வேலைக்குப் போன நேரத்தில் மஜீது பாயிடம் போய்க் காலில் விழாத குறையாக அழுதிருக்கிறாள். மஜீது பாய் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். வந்து, இருந்த எண்ணெயை வடித்துவிட்டு, லாரி கியருக்கு ஊற்றுகிற கெட்டி எண்ணெயை ஊற்றிவிட்டுப் போனார். "சத்தம் அடங்கும். நோவு அடங்காது" என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். அதை அக்காவே பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

லாரி மெக்கானிக் வண்டியை உதைத்து, டோல்கேட் வரைக்கும் ஓட்டிப் போய்த் திரும்பி வந்தார். "பழசுன்னாலும் நல்லாத்தான் கீது" என்றார். "சத்தமாமே சத்தம்!" என்று அருள்பிரகாசம் தொடையைத் தட்டிச் சிரித்தார். வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தார். கெட்டி எண்ணெய்க்கு அடியில் அது தட்டுவது அவருக்குக் கேட்டிருக்கிறது. வாயைத் திறந்தார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பேண்டு வாத்தியம் வைத்தோம், பிரியாணி போட்டோம். மறுநாள் காலையில் ஹில்டா யேசுதாஸுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, எல்லோருக்கும் கை காட்டினாள். அப்படி அழகாக அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. "மெல்லப் போ மாப்ளே" என்று அண்ணன் சொன்னார். வண்டி தெரு முனை திரும்பி மறைந்த பிறகும் அவர் அங்கேயே நின்றார். "இப்போ தெரியாதுடா. சூடானா வரும்" என்றார்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு நாள், இருவரும் ராயபுரத்துக்கு விருந்துக்கு வந்துகொண்டிருந்தபோது, திருவொற்றியூருக்கு இந்தப் பக்கம் வண்டி பூட்டிக்கொண்டது. மஜீது பாய் சொன்னபடியே பின் சக்கரம் நின்றது. யேசுதாஸின் முழங்கால் சில்லு நொறுங்கிவிட்டது. உலை முன்னால் நின்று செய்கிற வேலை இனி முடியாது என்றார்கள். ஹில்டாவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. இருவரும் உயிரோடு இருந்ததே பெரிய விஷயம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அருள்பிரகாசம் எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினார். "மனசில்லாம குடுத்த வண்டி! குடுக்க மாட்டேன்னு என் வூட்டுக்கே வந்து சொன்ன மனுஷன்! அந்த வயித்தெரிச்சல் எம்புள்ள கால வாங்கிடுச்சி!" கூட நின்ற பெண்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். அந்தப் பேச்சு எங்கள் தெருவுக்கும் வந்தது. குழாயடியில் அடைக்கலமேரி அக்காவுக்கு இடம் விட்டு விலகி நின்றார்கள். அண்ணன் எதைத் தாங்கினாலும் இதைத் தாங்கவில்லை. சொந்தப் பெண்ணுக்கு வயிறெரிந்த அப்பன் என்ற பெயரோடு அவரால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியவில்லை.

வண்டியை மஜீது பாயின் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். இன்ஜினை முதல்முறையாகப் பிரித்தார்கள். ராடு நீலம் பாய்ந்து கருகியிருந்தது. பேரிங் நொறுங்கிச் சில்லுச் சில்லாகக் கொட்டியது. எண்ணெய்த் துவாரத்தில் விளக்கெண்ணெய்ப் பிசின் அரக்கு மாதிரி இறுகி இருந்தது. அண்ணன் அந்த ராடைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். நானும் போனேன்.

ஹில்டா தோள் கட்டோடு கட்டிலில் சாய்ந்திருந்தாள். அவர் அவள் பக்கத்தில் துணியைப் பிரித்து வைத்தார்.

"இங்க பாரும்மா. இதான் பூட்டிகிச்சி. நாந்தான் தெரியாத்தனமா விளக்கெண்ணெய் ஊத்தி இத அடைச்சிட்டேன். ஒனக்கு நல்லா ஓடணும்னுதான் ஊத்தினேன். யார் வயித்தெரிச்சலும் இல்லம்மா."

அவள் நல்ல கையால் அந்த இரும்பைத் தொட்டுப் பார்த்தாள். "இது தேஞ்சி கீறது ஒனக்கு எப்போ தெரியும் நைனா?"

"மொத ஓல அன்னிக்கே தெரியும்." அவருக்குக் குரல் வந்துவிட்டது. இத்தனை நாளும் யாரும் கேட்காத கேள்வியை அவள் கேட்டுவிட்டாள் அல்லவா? "மஜீது பாயாண்ட போய்க் காட்னேன். எண்ணூருக்குப் போய் ஒம்மாமனார்கிட்ட சொன்னேன். மாப்ள கேட்டுகினுதான் இருந்தாரு. ஒங்கம்மாகிட்ட சொன்னேன். சாமியார்கிட்ட போய் விக்கினம்னே சொன்னேன்மா. தோ, இவன் சாட்சி. ஒருத்தரும் நம்பலியே. எல்லார்கிட்டயும் சொன்னேன்மா."

ஹில்டா என்னைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்தாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"அதுமேல குந்திகினு போனவ நானு. எங்கிட்ட ஏன் நைனா சொல்லல?"

சிலுவைமுத்து அண்ணன் அந்த ராடைத் திரும்பத் துணியில் சுற்ற ஆரம்பித்தார். சுற்றிக்கொண்டே இருந்தார்.